கிழங்கான் முள்

ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டில் அடைக்கலமேரியிடம் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு அவளுடைய ஒரு வழக்கம் தெரியும். குழந்தைக்கு, காய்ச்சல்காரருக்கு என்று சொல்லி யாராவது மீன் கேட்டால், ஆய்ந்து சதையைப் பிரித்த பிறகு வலது கை ஆட்காட்டி விரலை அதன் மேல் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒருமுறை ஓட்டுவாள். திருப்பிப் போட்டு இன்னொருமுறை. விரலில் ஏதாவது தட்டினால் நகத்தால் கிள்ளிப் பலகை ஓரத்தில் வைப்பாள். அதற்குப் பிறகும் பையில் போட மனம் வராது. மூன்றாவது முறையும் ஓட்டுவாள்.

"இன்னா மேரிக்கா, மீனுக்கு மசாஜ் பண்ணிக்கினு கீற? ஒல வச்சிட்டு வந்துகீறேன், குடு" என்பார்கள்.

"இருமா, இரு" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

பழைய ஆட்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும். அவளுடைய புருஷன் ராசையா தொண்டையில் மீன் முள் சிக்கிச் செத்தவன். அந்த மீனை ஆய்ந்து, சமைத்து, பிசைந்து கொடுத்தவள் அவள்.

ராசையா விசைப்படகில் வேலை பார்த்தவன். கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஒருநாள் காலையில் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். மென்று தின்ன முடியாதே என்று அவள் கிழங்கான் வாங்கிக் குழம்பு வைத்தாள். பிள்ளை பெற்றவளுக்கும் உடம்பு முடியாதவருக்கும் கொடுக்கிற மீன் அது. தொட்டால் சதை உதிரும். முள்ளை எடுத்துவிட்டுத்தான் சோற்றில் பிசைந்தாள். பொழுது சாய்கிற நேரம் ராசையா தொண்டையைத் தடவிக்கொண்டு, "இன்னாமோ அட்ச்சிகினு கீது" என்றான். குரல் அவன் குரலாக இல்லை.

மீன் தின்கிற வீட்டில் இதற்கு யாரும் பதறுவதில்லை. வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள், முள் இறங்கிவிடும். ராசையாவின் தங்கை பிலோமிக்கு அப்போது கல்யாணமாகவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன்தான் அவளைத் தூக்கி வளர்த்தவன். அவள்தான் சோற்றை உருட்டி உருட்டி அவன் வாயில் வைத்தாள். "முயுங்குண்ணா, முயுங்கு" என்று அழுதுகொண்டே வைத்தாள். அவனால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறையில் மண் போட்ட கையோடு பிலோமி அண்ணியின் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "மீனு விக்கிறவ நீ. ஒரு முள்ளு உன் கைக்குத் தெர்லியா?"

மேரியின் விரலுக்குத் தெரிந்தமட்டும் முள் இல்லை. ஆனால் விரல் தவறியிருந்தால், தவறியது விரலுக்கு எப்படித் தெரியும்? மூன்று வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று யோசிக்க ஆரம்பித்தவள், அந்த மகள் வளர்ந்து வேலைக்குப் போகிற வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பிலோமி எண்ணூரில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். பண்டிகை தவறாமல் அண்ணன் மகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு வருவாள். மதி என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அண்ணி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். "சாப்ட்டுதான் வந்தேன்" என்பாள். காலை ஆறு மணிக்கு வந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள்.

மதி தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு தொந்தரவு இருந்தது. திடீரென்று ஒரு கை பன்னு மாதிரி ஊதிக்கொள்ளும். ஒரு தரம் பாதம், இன்னொரு தரம் உதடு. இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுத் தானாக வடியும். உதடு வீங்கின அன்று கம்பெனிப் பெண்கள், "இன்னாடி மதி, தேனீ வந்து முத்தம் குட்த்துச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கம்பக்கம் ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. முதலில் இறாலை நிறுத்தினார்கள், பிறகு நண்டு, பிறகு கருவாடு, கடைசியில் மீனையே நிறுத்தினார்கள். மீன்காரி வீட்டில் மகள் மட்டும் கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். வீக்கமோ கத்தரிக்காய்க்கும் வந்தது.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் மதிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி வந்தது. வாந்தி நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டுக்கு வந்த டாக்டர் சபீஹா வண்ணாரப்பேட்டைக்காரர். மதியின் வீங்கிய புறங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

"இந்த வீக்கம் அரிக்குமாம்மா?"

"அரிக்காது டாக்டர். உள்ள இறுக்கிப் புட்ச்ச மாதிரி இருக்கும்" என்றாள் மதி.

"ஊசி போட்டா கொறையுமா?"

"அதுக்கு இஸ்டம் வந்தாதான் கொறையும்."

டாக்டர் மேரியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இந்த மாதிரி உண்டா?"

"எனக்கு ஒண்ணியும் கெடையாது மேடம்."

"இவங்க அப்பாவுக்கு?"

"அவுரு இப்ப இல்ல மேடம். இருந்தப்ப கை வீங்கும். அது சொறி பட்டு."

சொறி என்பது வலையோடு வருகிற ஜெல்லிமீன். பட்ட இடம் நெருப்பாக எரியும். படகில் போகிறவனுக்குக் கை வீங்கினால் கரையில் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை.

"சொறி பட்டா எரியும், அரிக்கும் இல்ல? அவருக்கு எரிஞ்சுதா?"

எரிகிறது என்று ராசையா சொல்லி மேரி கேட்டதே இல்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை வாரத்தில், படகெல்லாம் கரையில் கிடந்தபோது, ஒரு தடவை அவனுக்குக் கை வீங்கியது. அப்போதும் சொறி என்றுதான் சொன்னார்கள். போன வாரத்துச் சொறி இப்போது வேலை காட்டுகிறது என்றார்கள்.

"அவரு எப்டி தவறிப்போனாரு?"

"முள்ளு மாட்டிகினு, மேடம். தொண்டையில."

"முள்ள யாராவது பாத்தாங்களா?"

"இல்ல மேடம்."

"அன்னிக்கு ஒடம்புல வேற ஏதாவது பண்ணிச்சா? யோசிச்சு சொல்லுங்க."

"வேற இன்னா... காத்தால பல்லு புடுங்கிகினு வந்தாரு. அத்தோட சரி."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அந்தச் சாயங்காலம் நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒரு பரிசோதனை இங்கேயே முடிந்தது. இன்னொன்றுக்கு ரத்தம் வெளியூர் போய் வந்தது. மதிக்கு வலி அடங்கி வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து இருவரையும் டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"ரத்தத்த ஒரு குப்பியில எடுத்து வச்சா செவப்பு கீழ தங்கிரும். மேல மஞ்சளா தெளிஞ்ச தண்ணி நிக்கும். அதுக்குப் பேரு பிளாஸ்மா. அதுல எத்தனையோ புரதம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. சி-ஒன் இன்ஹிபிட்டர்னு ஒண்ணு. அதோட வேலை அடக்கி வைக்கிறது. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி போவுதே, அதுக்கு பிரேக்கு மாதிரின்னு வச்சுக்குங்க. அந்த பிரேக்கு உங்க பொண்ணுக்குப் பாதிகூட இல்ல. லாரி சும்மா நிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அடி, கவலை, மாசாமாசம் வர்றது, பல்லு புடுங்கறது, ஏதாவது ஒரு சரிவு வந்துச்சுன்னா ஓட ஆரம்பிச்சிரும். ரத்தக் கொழாய்லேருந்து தண்ணி கசிஞ்சு சதைக்குள்ள எறங்கும். கையில எறங்கினா கை வீங்கும், கொடல்ல எறங்கினா வயித்த வலி. தொண்டையில எறங்கினா மூச்சுப் போற வழி அடைச்சிரும்."

"மீனு, மேடம்?" என்றாள் மதி.

"மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நல்லா சாப்பிடு."

மதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக் கத்தரிக்காய் அந்தப் பார்வையில் இருந்தது.

"இது பொறப்புலயே வர்றது" என்று டாக்டர் தொடர்ந்தார். "அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா, பொறக்கிற ஒவ்வொரு புள்ளைக்கும் வரவும் பாதி வாய்ப்பு, வராமப் போகவும் பாதி. உங்க வீட்டுக்காரருக்கு இருந்திருக்கணும்."

மேரி கேட்டாள்: "அப்ப அன்னிக்கு... முள்ளு இல்லியா?"

"நான் அங்க இல்லமா. பாக்காத ஒண்ண அடிச்சு சொல்ல முடியாது. ஆனா காலைல பல்லு புடுங்கி, சாயந்தரம் கொரல் மாறி, எச்சில் முழுங்க முடியாம, இருமல் இல்லாம, அப்டியே அடைச்சுப்போச்சுன்னா... என்னைக் கேட்டா இதுதான்னு சொல்வேன்." பிறகு, "அவரு கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்றார்.

"ஒரு தங்கச்சி."

"கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. பல்லு, ஆபரேஷன், எதுவா இருந்தாலும் அதுக்கு முன்னாடி ரத்தம் பாத்துரணும். தெரிஞ்சுட்டா, நல்லவங்க பிளாஸ்மாவ முன்கூட்டியே ஏத்தி அந்தப் புரதத்தக் குடுத்துட்டு செய்யலாம். தெரியாம கை வெக்கக் கூடாது."

மதி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "யம்மா, அத்தைக்குப் பல்லு வலிமா. தாடை வீங்கிக் கெடக்குதாம். சனிக்கெயம புடுங்கப்போறேன்னு போன்ல சொல்லிச்சு."

அன்று வியாழன்.

மகளை வீட்டில் விட்டுவிட்டு மேரி எண்ணூர் பஸ்ஸில் ஏறினாள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்க, பஸ் ஊர்ந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மடியில் வைத்திருந்த தன் வலது கையை அவள் பார்த்தாள். ஆட்காட்டி விரலை மடக்கினாள், நீட்டினாள். தவறவில்லை. இந்த விரல் தவறவில்லை. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் பிலோமியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிவிட்டாள். பதினாறு வருஷமாக வராத அழுகை வந்தது. பக்கத்திலிருந்தவள் பார்க்கிறாளே என்று முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

பிலோமி வாசலில் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வா அண்ணி" என்றாள் ஒரு பக்க வாயால். "மதிக்கு எப்டி கீது?"

மேரி சொன்னாள். புரதம், பிரேக்கு, பாதிக்குப் பாதி வாய்ப்பு, எல்லாவற்றையும் டாக்டர் சொன்ன மாதிரியே சொல்ல முயன்றாள். ராசையாவின் பெயர் வந்ததும் பிலோமியின் முகம் இறுகியது.

"ஓகோ. இத்தினி வருசம் கயிச்சு இத்த கண்டுபுட்ச்சிகினு வந்தியா? முள்ளு ஒன் கையில இல்ல, எங்க வமுசத்து ரத்தத்துல கீதுன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தியா?"

"நான் சொல்லல பிலோமி. டாக்டரம்மா சொல்றாங்க."

"டாக்டரம்மா அன்னிக்கு நம்ம வூட்ல இருந்தாங்களா? நான் இருந்தேன்."

"ஒனக்குக் கை வீங்குதில்ல?"

"எண்ணூர்ல யாருக்கு வீங்கல? கரண்ட் கம்பெனி சாம்பலு. துணி காயப்போட்டா துணி வெள்ளையாவுது, மூஞ்சி வீங்குது."

"ஒனக்கு வயித்த வலின்னு ஆஸ்பத்திரியில கீறுனாங்களே, உள்ள இன்னா இருந்துச்சு? கொடலுவாலுன்னு சொல்லி கீறுனாங்க. ஒண்ணியும் இல்லன்னு தச்சுட்டாங்க. அதும் சாம்பலா?"

பிலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேரிக்குக் கோபம் ஏறியது. அடுக்கி வைத்திருந்ததில் மிச்சமிருந்ததையும் கொட்டினாள்.

"முள்ளே இல்லடி. ஒண்ணுகூட இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும், மூணு தபா பாத்து எடுத்தேன். முள்ளு இல்லாத தொண்டைய வச்சிகினு என்ன இத்தினி வருசமா..."

"முள்ளு இல்லாத தொண்டையிலயா நான்..." என்று ஆரம்பித்த பிலோமி சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அவளுடைய வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து எதையோ உருட்டுவதுபோல் அசைந்தன. என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியாத அசைவு. மேரி அதைப் பார்த்தாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். ஒரு சாயங்கால வேளையில், அடைத்துக்கொண்டிருந்த வாய்க்குள் சோற்று உருண்டையை ஒவ்வொன்றாகத் திணித்த கை அது.

முள் இருந்தால் அது உயிரைக் காப்பாற்றப் பார்த்த கை. முள் இல்லையென்றால் அதை என்னவென்று சொல்வது? பிலோமி இத்தனை வருஷமாக அந்த முள்ளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அண்ணியைக் குத்துவதற்கு மட்டுமல்ல என்று மேரிக்குப் புரிந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, ரத்தம் கொடுக்க வா என்று கூப்பிட்டால் இவள் வரமாட்டாள். சனிக்கிழமை போய் வாயைத் திறந்து உட்காருவாள்.

மேரி நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி" என்றாள். "முள்ளு இருந்துச்சு."

பிலோமி நிமிர்ந்தாள்.

"என் கை தவறிட்ச்சு. நான்தான் பாக்காம குடுத்துட்டேன். ஒங்க அண்ணன் என்னாலதான் போனாரு. மாதா கோயில் வாசல்ல நின்னு சொல்லுன்னாலும் சொல்றேன். அத்த வுடு. மதிக்கு வந்துகீது, அது பொய்யில்ல. அவ ஒங்க ரத்தம். நாளைக்கு எங்கூட வந்து ஒரு குப்பி ரத்தம் குடு. ஒண்ணுமில்லன்னு வந்துச்சின்னா நீ பாட்டுக்குப் புடுங்கிக்க. நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பதினாறு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்ட பிலோமிக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. துண்டை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கடைசியில், "எத்தினி மணிக்கு வரணும்?" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மேரி கையைப் பார்க்கவில்லை. போகிற வழியில் கிடைத்தது வருகிற வழியில் போய்விட்டது. ஒரு பஸ் டிக்கெட் தூரம்கூட அது அவளிடம் நிலைக்கவில்லை. ஆனால் நெஞ்சில் பாரமும் இல்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

பிலோமிக்கு அந்தப் புரதம் மதியைவிடக் குறைவாக இருந்தது. சனிக்கிழமை தள்ளிப்போயிற்று. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, மஞ்சள் நீர் நிறைந்த பைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு ஏற்றினார்கள். "இன்னா அண்ணி, மோரு மாதிரி கீது. யாருதோ?" என்றாள் பிலோமி. யாருடையதோ. முன்பின் தெரியாத யாரோ சிலருடைய பிரேக்கு. பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு நர்ஸ் அடிக்கடி வந்து குரலைக் கேட்டுவிட்டுப் போனாள். கன்னம் கொஞ்சம் உப்பியது. அதற்கு மேல் போகவில்லை. கிளம்புகிற அன்று டாக்டர் சபீஹா பிலோமியை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. மேரி அவளுடைய பையை வாங்கிக்கொண்டாள்.

எண்ணூர் வரை அலைய வேண்டாம், இரண்டு நாள் ராயபுரத்தில் இருக்கட்டும் என்று மதிதான் அத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். மேரி ரசம் வைத்துச் சோற்றைக் குழைத்தாள். பிலோமி சாப்பிட மாட்டாள் என்று தெரிந்தும் வைத்தாள். பக்கத்தில் மதி இறாலை வறுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் இறால் இல்லாத நாள் இல்லை.

"கெயங்கான் கெடைக்கலியா?" என்றாள் பிலோமி.

மேரிக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். தடைக்காலத்திலும் சின்னப் படகுகள் கரையோரம் போய் வரும். அவள் கூடையின் அடியில் இரண்டு கிழங்கான் இருந்தது. எதற்காக எடுத்து வைத்தாள் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

குழம்பு கொதித்து இறங்கியது. மேரி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சதையைப் பிரித்தாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள் பிலோமி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "முள்ளும் இல்லியாம். சோறும் இல்லியாம். யாரு இன்னா குட்த்திருந்தாலும், குடுக்காம இருந்தாலும், அது அட்ச்சிருக்குமாம்."

"ம்."

"நீ ஏன் அப்டி சொன்ன? என் கை தவறிட்ச்சுன்னு?"

"நீ வரணுமில்ல."

பிலோமி மூக்கை உறிஞ்சினாள். "நான் உருட்டி வச்சத அண்ணன் வோணான்னு சொல்லல அண்ணி. முயுங்க முடியாமயே வாயத் தொறந்துச்சு. அதான் எனக்கு..."

"நீ குடுக்குறன்னு தொறந்தாரு. நான் குடுத்தா தொறந்திருக்க மாட்டாரு, கத்திருப்பாரு."

பிலோமிக்குச் சிரிப்பு வந்தது. வாய் வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காத, தையலு பிரிஞ்சிரும்" என்றாள்.

மேரி விரலைச் சதையின் மேல் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஓட்டினாள். திருப்பிப் போட்டு இன்னொருமுறை ஓட்டினாள். ஒன்றும் தட்டவில்லை. மூன்றாவது முறைக்கு விரலைக் கொண்டுபோனபோது பிலோமி கையை நீட்டித் தட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

"போதும், குடு. பசிக்குது."